வாசலில் கேட்ட கேள்வி

சேலையூர்
8.7.2024

பெறுநர்: ஷர்மிளா, கள ஆய்வாளர், குடும்ப ஆய்வு அலுவலகம், மேற்குத் தாம்பரம்.

‘அன்புள்ள’ என்று தொடங்க மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன தகவல் தாளில் நான்காவது வரி இப்படி இருக்கிறது: “இந்த ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத்து மூலம் தெரிவித்தால் போதும்.” நான் விலகுகிறேன். காரணம் சொல்லத் தேவையில்லைதான். ஆனாலும் சொல்வேன்.

ஜூன் 15, சனிக்கிழமை நீங்கள் வந்தீர்கள். என் மாமியார் ஜெயசீலி சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்குப் போயிருந்தார். மகள் கிருபா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். ‘இரண்டாவது குழந்தை இல்லையெனில், காரணம்?’ என்று நீங்கள் வாசித்தபோது ஊருக்குச் சொல்லும் பதிலைத்தான் முதலில் சொன்னேன். “ஆண்டவர் இன்னும் குடுக்கல.” நீங்கள் எழுதவில்லை. பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். துருவிக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன். நான்கு வருடமாகக் காப்பர்-டி போட்டிருப்பதும், என் கணவர் ஆஸ்டினைத் தவிர அது யாருக்கும் தெரியாது என்பதும், எனக்கு ஒரு பிள்ளை போதும் என்பதும் அன்றைக்குத்தான் முதன்முதலாக என் வாயிலிருந்து வெளியே வந்தன. “இது என்னைத் தாண்டிப் போகாது” என்றீர்கள். தாளைப் பார்க்காமல் நீங்கள் சொன்ன ஒரே வாக்கியம் அது.

போன சனிக்கிழமை, ஜூலை 6, உங்கள் அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருவர் வந்திருக்கிறார். நான் கிருபாவைக் கீபோர்டு வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தேன். கதவைத் திறந்தவர் அத்தை. அந்த ஆள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டிருக்கிறார்: “இந்த வீட்டம்மா காப்பர்-டி போட்டிருக்கறதா எழுதியிருக்கு. கரெக்டாம்மா?”

அதற்கு முதல் நாள் மாதத்தின் முதல் வெள்ளி. எங்கள் சபையில் உபவாச ஜெபம். பெட்டியில் போட்ட விண்ணப்பச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார்கள். ‘ஈவ்லினுக்கு இரண்டாவது குழந்தை பாக்கியம்’ என்ற சீட்டு மூன்று வருடமாக வாசிக்கப்படுகிறது. அதற்காக அத்தை அன்று சாயங்காலம் வரை வெறும் தண்ணீர்தான் குடிப்பார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு.

என் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள். கிழித்துவிட்டதாக எனக்கு எழுதுங்கள். வீட்டுக்கு வேண்டாம், உறையின் பின்னால் இருக்கும், நான் வேலை பார்க்கும் பள்ளியின் முகவரிக்கு. போனிலும் வேண்டாம். எனக்கு வரும் மெசேஜையெல்லாம் கிருபா சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

ஈவ்லின்


பெரும்பாக்கம்
12.7.2024

மதிப்பிற்குரிய ஈவ்லின் மேடம்,

இது நான்காவது தாள். முதல் மூன்றிலும் ‘மன்னிக்க வேண்டும்’ என்பதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

உங்கள் வீட்டுக்கு வந்தவர் தேவானந்தம் சார், எங்கள் மேற்பார்வையாளர். நாங்கள் போன வீடுகளில் சிலவற்றுக்கு அவர் மறுபடி போய் இரண்டு மூன்று கேள்விகளை மட்டும் திரும்பக் கேட்பார். நாங்கள் உண்மையிலேயே போனோமா, இல்லை டீக்கடையில் உட்கார்ந்து நாங்களே நிரப்பினோமா என்று பார்க்கத்தான் அது. பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்பது வழக்கம். என் வீடுகளில் மட்டும் அதிகமாகப் பார்த்தார்.

காரணம் இதுதான். எங்கள் குழுவில் எட்டுப் பேர். மற்ற ஏழு பேரிடமும் பெண்கள் செலவு, வீட்டு வாடகை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் சொன்னவை வேறு மாதிரி இருந்தன. “உன்கிட்ட மட்டும் எப்படிம்மா எல்லாரும் எல்லாத்தையும் கொட்டறாங்க? நீதான் வாயே தொறக்க மாட்டியே” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

விதிப்படி அவர் உங்களைத்தான் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குப் பத்து வீடு முடிக்க வேண்டியிருந்ததால் கதவைத் திறந்தவரைக் கேட்டுவிட்டார். உங்கள் மாமியார், “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, தப்பா எழுதியிருக்கீங்க. ஆண்டவர் இன்னும் குடுக்கல, ஜெபிச்சுக்கிட்டு இருக்கோம்” என்றாராம். சார் அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து, உங்கள் படிவத்தின் மேல் ‘பொருந்தவில்லை’ என்று முத்திரை குத்திவிட்டார்.

இந்த ஆய்வை நடத்துபவர் பேராசிரியர் சுபத்ரா. ஒருவர் எழுதியதில் மூன்று படிவங்கள் பொருந்தாமல் போனால், அவர் எழுதிய எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டும் என்பது பேராசிரியர் வைத்திருக்கும் விதி. எனக்கு ஏற்கெனவே இரண்டு. ஒன்றில் கணவர் பதில் சொன்னார், இன்னொன்றில் ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார். உங்களுடையது மூன்றாவது. ஆகஸ்ட் 12-ஆம் தேதிக் கூட்டத்தில் என் அறுபத்து மூன்று படிவங்களையும் எடுத்துவிடுவார்கள். அதனால் நீங்கள் கேட்டது தானாகவே நடந்துவிடும். தனியாகக் கிழிக்க வேண்டியிருக்காது.

படிவத்தில் உங்கள் பெயர் இல்லை. 41 என்ற எண் மட்டும்தான். எந்த எண் எந்த வீடு என்ற பட்டியல் தனியாகச் சாரிடம் இருக்கும். இதைச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சமாவது நிம்மதியாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஷர்மிளா


சேலையூர்
18.7.2024

ஷர்மிளா,

இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன். நான் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் என்னிடம் படித்த மாணவிகளின் வயதுதான் உனக்கு இருக்கும்.

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் மூன்று முறை வாசித்தேன். எல்லாம் இருக்கிறது, உனக்கு வேலை போகும் என்பதைத் தவிர. அறுபத்து மூன்று படிவமும் பொய் என்று தூக்கிப் போட்ட பிறகு உனக்கு மட்டும் நாற்காலி போட்டு வைத்திருப்பார்களா? அதை ஏன் எழுதவில்லை? நான் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இந்த மூன்றாவது முத்திரை நிற்காது. அது உனக்கும் தெரியும். ஏன் கேட்கவில்லை?

கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். இப்போதும் மறுக்கிறேன். என் கர்ப்பப்பையைப் பற்றி நானே கையெழுத்திட்ட தாள் ஒன்று ஏதோ ஓர் அலுவலகக் கோப்பில் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நான் முதல் கடிதத்தில் எழுதாத ஒன்று இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அத்தை கேட்டார்.

“யாரோ ஒருத்தர் வந்து என்னென்னமோ கேட்டாரும்மா. நீ என்ன எழுதிக் குடுத்த?”

ஆஸ்டின் சட்டென்று சாம்பாரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் முப்பது பேருக்கு மேலாளர். வீட்டில் இப்படி ஏதாவது வந்தால் தட்டுதான் அவருக்குத் துணை.

“வீடு மாத்தி எழுதியிருக்கும் அத்தை” என்றேன். “வந்த பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல. புதுசு போல.”

“படிக்க வெச்சவங்க வேலையில உண்மையா இருக்கணும்னு சொல்லிக் குடுக்கல பாரு. பாவம். பேரு என்ன?”

“ஷர்மிளா.”

“அந்தப் பிள்ளைக்கும் ஒரு சீட்டு போடறேன்.”

அப்படித்தான் என் வீடு அமைதியானது. என் பழியை உன் தலையில் வைத்து. உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம். எழுதித் திட்டு. ஆனால் கையெழுத்து மட்டும் கேட்காதே.

ஈவ்லின்


பெரும்பாக்கம்
25.7.2024

ஈவ்லின் அக்கா,

திட்ட எனக்கு வரவில்லை. திட்டும் தகுதியும் இல்லை. நானும் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

படிவத்தின் முதல் பக்கத்தில், வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. ‘பதில் சொன்னவரைத் தனியே மட்டும் சந்திக்கவும்.’ அதில் டிக் போட்டிருந்தால் தேவானந்தம் சார் உங்கள் வீட்டு வாசலில் எதையும் கேட்டிருக்க முடியாது. நான் போடவில்லை. அந்தக் கட்டத்தில் டிக் போட்டவர்கள் திங்கள்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று ஏன் என்று விளக்க வேண்டும். இருபத்தேழு படிவங்களில் நான் போட்டிருக்க வேண்டும். போட்டது மூன்றில். நான்காவது முறை எழுந்து நிற்கக் கூச்சமாக இருந்தது. உங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கூச்சம்தான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியது நான்தான் முதல். அம்மா சரளா மேடவாக்கத்தில் மீன் விற்கிறார். கடற்கரையில் இருந்த வீட்டிலிருந்து அரசாங்கம் எங்களை இந்த ஆறாவது மாடிக்கு மாற்றி ஏழு வருடம் ஆகிறது. என் வேலை என்னவென்று அம்மாவுக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. “ஊர்ல கீற பொம்பளைங்க வவுத்தையெல்லாம் எண்ணிக்கினு திரியறியே, அதுக்கு எவன்டி சம்பளம் குடுக்கறான்?” என்பார். வேலை போகப்போகிறது என்று நேற்றுச் சொன்னேன்.

“நீ பொய் எழுதுனியா?”

“இல்லம்மா.”

“அப்ப அவன் மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே, இங்க வந்து இன்னாத்துக்கு மூக்க உறிஞ்சினு கீற?”

சொல்லலாம். சொன்னால் உங்கள் பெயரையும் சொல்ல வேண்டியிருக்கும்.

வேலை போவதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அதைவிட ஒன்று உறுத்துகிறது. படிவத்தில் காரணங்களுக்கு எண்கள் இருக்கின்றன. ஒன்று செலவு, இரண்டு உடல்நலம், மூன்று வேலை, நான்கு பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஐந்து கருத்தரிக்கவில்லை, ஆறு இதர. உங்கள் பதிலை ஆறில், நீங்கள் சொன்ன ‘போதும்’ என்ற சொல்லோடு எழுதியிருந்தேன். சார் அதை அடித்துவிட்டு ஐந்து என்று போட்டிருக்கிறார். என் அறுபத்து மூன்று பேரில் இருபத்தோரு பேர் இந்தப் ‘போதும்’ என்பதை ஏதோ ஒரு விதத்தில் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் சொல்லும்போது எழுந்து போய் மிக்சியைப் போட்டுவிட்டு வந்து சொன்னார். அடுத்த அறையில் யாருக்கும் கேட்கக் கூடாதாம். பிள்ளைப்பேறு ஏன் குறைகிறது என்று ஆராயத்தான் இவ்வளவு ஏற்பாடு. 12-ஆம் தேதிக்குப் பிறகு தாம்பரத்தில் இருப்பவை செலவும் வாடகையும் ஆண்டவர் கொடுக்காததும் மட்டும்தான் என்று ஆகிவிடும்.

ஏன் கேட்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஒரு முறை உங்களிடம் ஒன்றை வாங்கிக்கொண்டேன். அதை வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லை. இரண்டாவதாக ஒன்றை எப்படிக் கேட்பது?

உங்கள் அத்தை எனக்காகச் சீட்டுப் போட்டதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நேரே சேலையூருக்கு வந்துவிடுவார்.

ஷர்மிளா


சேலையூர்
5.8.2024

அன்புள்ள ஷர்மிளா,

வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 2, மறுபடி உபவாச நாள். ஐந்தரைக்கு அத்தை சபையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். கேட் கொண்டியைத் திறக்க முடியவில்லை, கை அவ்வளவு நடுங்கியது. நான் ஓடிப்போய்ப் பிடித்து உள்ளே உட்காரவைத்துக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். நாலு மிடறு குடித்துவிட்டு, “இன்னைக்கு உன் சீட்டை வாசிக்கும்போது பாஸ்டரம்மாவே அழுதுட்டாங்க” என்றார். பிறகு, “அந்த ஷர்மிளா பிள்ளை சீட்டையும் வாசிச்சாங்க. வேலையில உண்மை வேணும்னு ஜெபிச்சோம்” என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எந்த முன்னுரையும் இல்லாமல் சொல்லிவிட்டேன்.

“அத்தை, அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு. நான் நாலு வருஷமா போட்டிருக்கேன். எனக்குக் கிருபா போதும். உங்ககிட்ட பொய் சொன்னது நான்தான். இப்ப அதனால அவளுக்கு வேலை போகப்போகுது.”

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஆஸ்டினுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்போ எனக்கும் ஆண்டவருக்கும் மட்டுந்தான் தெரியாது.”

“ஆண்டவருக்குத் தெரியும் அத்தை.”

“சரி. அப்போ எனக்கு மட்டும்.”

அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீதிக் குளுக்கோஸையும் குடித்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை கிருபாவுக்குத் தலை பின்னிவிட்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு குரோம்பேட்டையில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். எப்போது வருவீர்கள் என்று ஆஸ்டின் கேட்டதற்கு, “ஒரு பிள்ளை இருக்கிற வீட்டுல வேலை கம்மிதானே, சமாளிச்சுக்குங்க” என்றாராம். ஆஸ்டின் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. நான்கு வருடம் சேர்ந்து மறைத்தோம், சொன்னது மட்டும் என் தவறாம்.

கிருபா பிறந்த பிறகு ஒரு வருடம் நான் எப்படி இருந்தேன் என்று ஜூனில் நீ வந்த அன்றே உன்னிடம் சொல்லியிருக்கிறேன். குளிக்கக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டு வெறுமனே நின்ற நாட்கள். அப்போது அத்தைதான் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அவரிடம் சொல்ல முடியாமல் போனது. நல்லது செய்தவரிடம் ‘இனி வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது?

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. படிவம் 41-இல் உள்ளவை நான் சொன்னவையே என்று எழுதி, முழுப் பெயரும் தேதியும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். மறுப்பேன் என்று சொன்னவள்தான். இப்போது மறைப்பதற்கு வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. கொண்டுபோய்க் கொடு. படிவத்தையும் கிழிக்க வேண்டாம்.

ஈவ்லின்


பெரும்பாக்கம்
10.8.2024

அன்புள்ள ஈவ்லின் அக்கா,

உங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. கையெழுத்திட்ட தாளை இந்த உறையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். அதை யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாள் என் பையிலேயே வைத்திருந்தேன். படிவத்தில் உங்கள் பெயர் கிடையாது. இந்தத் தாளைக் கொடுத்தால் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் சேர்ந்துவிடும். நேற்று வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று இருந்தது. கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு உங்கள் அத்தை அலுவலகத்துக்கு வந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு மாடி, படி செங்குத்தாக இருக்கும். மேலே வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்கள். நானும் தேவானந்தம் சாரும் மட்டும் இருந்தோம். சாரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

“தம்பி, அன்னைக்கு வாசல்ல நான் சொன்னது தப்பு. அதை அடிச்சுட்டு அந்தப் பொண்ணு எழுதினதுதான் சரின்னு எழுதிக்குங்க.”

“இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? போன்ல சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீங்க போன்லயா கேட்டீங்க? வாசல்ல வந்து நின்னுதானே கேட்டீங்க.”

சார் 41-ஐ எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“தெரியாமத்தான் சொன்னேன்” என்றார்கள் அத்தை. “ஆனா என் வாயால ஒரு பிள்ளை பொய்க்காரி ஆயிடுச்சு. அவளுக்காக ஜெபம் வேற பண்ணியிருக்கோம், முப்பது பொம்பளைங்க சேர்ந்து.” பிறகு கையை நீட்டினார்கள். “அவ என்னதான் சொன்னான்னு நானும் ஒரு தடவை பார்த்துடறேன்.”

“தாராளமா பாருங்க, வீட்டு ஆள்தானே” என்று சார் படிவத்தை அவர்கள் பக்கம் தள்ளினார்.

நான் எழுந்து போய் அதன் மேல் கையை வைத்தேன். ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி அழுத்தி வைத்துக்கொண்டேன், அக்கா.

“காட்ட முடியாதும்மா.”

“என் மருமகதானே?”

“அதனாலதாம்மா.”

அத்தை என்னைப் பார்த்தார்கள். “நீதான் ஷர்மிளாவா?” என்றார்கள். ஆமாம் என்றேன். “ஒண்ணும் தெரியாத பொண்ணுன்னு ஈவ்லின் சொன்னா.” கோபமாகச் சொன்னார்களா, வேறு எப்படியா என்று எனக்குப் புரியவில்லை. சார் படிவத்தை எடுத்து, தன் முத்திரையையும் அந்த ஐந்தையும் அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்தார். இனி எனக்குப் பொருந்தாதவை இரண்டுதான். மற்றவை நிற்கும். திங்கள்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் மீதி இருபத்து நான்கு கட்டங்களிலும் டிக் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். பெயரும் கதையும் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன்னால் பேசிப் பார்க்கிறேன். பின்னால் அம்மா சிரிக்கிறார்.

அத்தை போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

“சரி, அப்போ என்னைக் கேளு. அவகிட்ட கேட்டியே, அதே கேள்வியை.”

“நாப்பத்தொம்பது வயசுக்கு மேல எங்க சாம்பிள்ல வராதும்மா” என்றார் சார்.

“உங்க சாம்பிள்ல வர வேண்டாம் தம்பி. நீங்க கீழ போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.”

சார் போய்விட்டார். நான் புதுப் படிவம் எடுக்கவில்லை. பேனாவையும் திறக்கவில்லை. கேள்வியை மட்டும் வாசித்தேன். நாற்பது நிமிடம் பேசினார்கள். நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றும் மறக்கவும் இல்லை.

என்ன சொன்னார்கள் என்று நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள். நான் சொல்ல மாட்டேன், அக்கா. இந்த முறை உண்மையிலேயே என்னைத் தாண்டிப் போகாது.

படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பதினைந்தாம் தேதி பள்ளியில் கொடியேற்றிவிட்டு நீங்கள் திரும்புவதற்குள் வீட்டில் இருப்பார்களாம். கிருபாவுக்குப் பிடித்த மிட்டாயைக் குரோம்பேட்டைப் பேரனிடம் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார்களாம். அதை மட்டும் உங்களுக்கு எழுதலாம் என்றார்கள்.

ஷர்மிளா